போத்தல் தண்ணீரை விட்டுவிட்டால் பதிலுக்கு என்ன வாங்குவது?

கேள்வி இதுதான். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆன ஒரு பெண்மணி கேட்கிறார். செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அவர், கணவர், மாமியார், தொடக்கப்பள்ளிக்குப் போகும் மகள் என நான்கு பேர். ஊரில் கேன் தண்ணீர் வாங்கியே பழக்கம். அதனால் இங்கேயும் 600 மில்லி போத்தல் 24 அடங்கிய பெட்டியை வாரத்துக்கு மூன்று வாங்குகிறார்கள். ஒரு பெட்டி ஏறக்குறைய 7 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). செலவும் உறுத்துகிறது, சேரும் குப்பையும் உறுத்துகிறது. ஃபில்டர் வாங்கலாமா, எந்த போத்தல் நல்லது, செம்பா, கண்ணாடியா, எவர்சில்வரா என்று கேட்டிருக்கிறார்.

கட்டடங்களில் தண்ணீர்த் தொட்டி, குழாய்ப் பராமரிப்பு வேலையில் நீண்ட காலம் இருந்தவன் நான். என் பதிலைக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல போத்தலாக வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்துவிட்டு மறுபடியும் பெட்டித் தண்ணீருக்கே திரும்பிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போத்தல் சரியில்லாததால் அப்படி ஆவதில்லை. அந்த போத்தலில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குடிக்க வீட்டில் யாருக்காவது மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். அந்த மனம் ஒப்பிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வாரம் மூன்று பெட்டி என்றால் 43 லிட்டர் சொச்சம், 21 வெள்ளி. வருடத்துக்கு ஏறக்குறைய 1,090 வெள்ளி, 3,700க்கும் மேற்பட்ட போத்தல்கள். அதே அளவு தண்ணீரைக் குழாயில் பிடித்தால் என்ன ஆகும்? 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர்க் கட்டணம், மாதம் 40 கன மீட்டர் வரை, வரிகளெல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரி மட்டும் தனி. கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். நீங்கள் வருடம் முழுக்கக் குடிக்கும் தண்ணீர் இரண்டேகால் கன மீட்டர்கூட வராது. ஆக, எட்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் ஆயிரத்துச் சொச்சத்தில் மகளுக்கு என்னென்ன செய்யலாம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? குடிக்கலாம். கொதிக்க வைக்கக்கூட வேண்டியதில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டிக்கு ஏற்பத்தான் தண்ணீரைத் தருகிறது. நீர்த்தேக்கம், சுத்திகரிப்பு ஆலை, குழாய்கள் என்று எல்லா இடத்திலும் மாதிரி எடுத்து விடாமல் சோதிக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அடுத்து வரும் சந்தேகம் மொட்டை மாடித் தொட்டி. அது நியாயமான சந்தேகம்தான். ஊரில் மூடி உடைந்து, பாசி பிடித்துக் கிடக்கும் தொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? இங்கே வீவக கட்டடங்களின் தொட்டிகளை நகர மன்றங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. குறைந்தது வருடத்துக்கு ஒரு முறை தண்ணீரை வடித்து, உள்ளே இறங்கிக் கழுவி, உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் பார்த்து, தண்ணீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று பெற வேண்டும். இது சட்டப்படியான கடமை. அந்த வேலையின்போது தொட்டிக்குள் இறங்கியிருக்கிறேன். அடியில் மெல்லிய மண் படிவு இருக்கும், அதைத் துடைத்து எடுப்போம். வழக்கமாக அதற்கு மேல் எதுவும் இருக்காது.

குழாயில் பிடித்த தண்ணீர் சில நாள் பால் கலந்தது போல வெளுப்பாக வரும். பயப்பட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வரும். அது அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று, குமிழியாக வெளியேறுகிறது. அழுக்காக இருந்தால் நேர்மாறாக, மேலே தெளிந்து அடியில் படியும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்தால் அது வேறு விஷயம். பழைய கட்டடத்தின் இரும்புக் குழாய்த் துருவாக இருக்கலாம். தெளியும்வரை திறந்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் நகர மன்றத்துக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறம் குழாய் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். அதைத் திருகிக் கழற்றி மாதம் ஒரு முறை பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பினால், முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பிடியுங்கள். சுடுநீர்க் குழாயில் குடிக்கப் பிடிக்க வேண்டாம், எப்போதும் குளிர்ந்த நீர்க் குழாய்தான்.

மாமியார் "இது சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணினதாமே" என்று கேட்கக்கூடும். பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2003இல் அறிமுகமான புதுநீர் பற்றிய பேச்சு அது. பயன்படுத்திய நீரை நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்தப்படுத்தி, புறஊதாக் கதிரில் கிருமி நீக்கி எடுப்பது புதுநீர். அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்டிக் கோபுரங்களுக்கும் போகிறது. வறட்சிக் காலத்தில் கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, அங்கிருந்து மறுபடி சுத்திகரிப்பு ஆலை வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. மற்றபடி மழைநீர், ஜோகூரிலிருந்து வரும் ஆற்று நீர், கடல்நீரை நன்னீராக்குவது ஆகியவை மற்ற மூன்று ஆதாரங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். அவருக்குக் கொதிக்க வைத்தால்தான் திருப்தி என்றால் கெட்டிலில் கொதிக்க வைத்து, ஆறியதும் மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றி அன்றைக்கே குடித்து முடிக்கச் சொல்லுங்கள். பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டுக்குக் கைக்குழந்தை யாராவது வந்தால் மட்டும் பால் மாவு கரைக்கக் கொதித்த நீர்தான், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில். மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் அந்த ஏற்பாடு, தண்ணீருக்காக அல்ல.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் புதிதாக வந்தவர்கள் அதிகமாகப் பணம் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டுக்கு வரும் விற்பனையாளர் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய இயந்திரத்துத் தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை இறக்கி மின்சாரத்தைப் போடுவார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, அடியில் சகதி தங்கும். அவருடையது பளிச்சென்று இருக்கும். "இதையா குழந்தைக்குக் கொடுக்குறீங்க?" என்பார். அந்தச் சகதி தண்ணீரில் இருந்ததல்ல. கம்பி இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகிறது. குழாய்த் தண்ணீரில் உடம்புக்கு வேண்டிய தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. உப்பு நீக்கிய நீரில் பாயாது, அதனால் நிறமும் மாறாது. அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் அதே பழுப்புக்கு வந்துவிடும்.

கோவையில் ஆர்ஓ இயந்திரம் தேவைப்பட்டிருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம் இருந்தால் அதற்கு வேலை உண்டு. இங்கே உப்பே பிரச்சினை இல்லை. ஆர்ஓ வைத்தால் நல்ல தண்ணீரில் ஒரு பகுதியைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு மீதியைக் குடிக்கிறோம். ஆல்கலைன் (காரத்தன்மையுள்ள) தண்ணீர் என்று விற்பதற்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். எந்தத் தண்ணீரானாலும் வயிற்று அமிலத்தில் போய்த்தான் சேருகிறது.

வாசனை பிடிக்கவில்லை என்றால் அது உண்மையான குறை. கிருமி அண்டாமலிருக்க இங்கே குளோராமின் சேர்க்கிறார்கள். சாதாரண குளோரினைப் போல அது பாத்திரத்தில் திறந்து வைத்தால் சீக்கிரம் போய்விடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிர்ந்தபின் குடித்தால் வாசனை பெரும்பாலும் தெரியாது. அப்படியும் தெரிந்தால் கரி வடிகட்டி உள்ள ஜாடி ஒன்று போதும். ஆனால் அதன் வடிகட்டிக் குப்பியைச் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அந்த ஈரக் கரியிலேயே கிருமி குடியேறும். மாற்ற மறந்துவிடுவோம் என்று தோன்றினால் வாங்காமலிருப்பதே நல்லது.

இனி வீட்டுக்குள் வைக்கும் பாத்திரம். நீங்கள் போத்தலைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்த 72 போத்தல்களில் எத்தனை வெளியே போகின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சி முன்னால், படுக்கைப் பக்கத்தில் திறந்து, பாதி குடித்து வைத்தவைதான் அதிகமாக இருக்கும். அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது வாய் அகன்ற இரண்டு கண்ணாடி ஜாடி. வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியானால் வெதுவெதுப்பான நீரையும் ஊற்றலாம். ஒன்று குளிர்பதனப் பெட்டியில், ஒன்று மேசையில். பக்கத்தில் டம்ளர்கள். கண்ணாடியில் வாசனை ஏறாது, அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்குள் அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

மாமியார் செம்புக் குடம் கொண்டுவந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரவு ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பதால் கெடுதல் இல்லை. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சாதாரண நீரை ஓர் இரவு வைப்பதில் அந்தக் கவலை வேண்டாம். எலுமிச்சைச் சாறு, மோர், ரசம் எதையும் அதில் ஊற்றக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பதற்கும் அதுதான் காரணம், தேய்த்தபின் நன்றாக அலச வேண்டும். செம்பில் செய்த போத்தலை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய் குறுகல், உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க முடியாது, கை விட்டுத் தேய்க்கவும் முடியாது.

மண்பானை வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பானைத் தண்ணீரின் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் பானை குளிர்வது வெளிப்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாவதால்தான். கோவையின் காய்ந்த காற்றில் அது அழகாக நடக்கும். இங்கே காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தம், பானை பெரிதாகக் குளிராது. வெளிப்புறம் பூசணம் பூக்கவும் கூடும். வைப்பதானால் தட்டு போட்டு மூடியே வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் இந்த ஊரில் டெங்கி, அதோடு அபராதமும்.

இப்போது வெளியே கொண்டுபோகும் போத்தல். நான் முதலில் பார்ப்பது உலோகத்தை அல்ல, மூடியை. கடையில் நின்று மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கும். அதை நகத்தாலோ கரண்டிக் காம்பாலோ நெம்பி எடுக்க முடிகிறதா? எடுத்தபின் அந்தப் பள்ளத்தில் தூரிகை போகுமா? உறிஞ்சு குழல் இருந்தால் இரு முனையும் கழன்று வருமா? முடியாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். பல மாதம் கழற்றாத ஒரு மூடியின் வளையத்தை ஒரு முறை எடுத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வளையத்தின் அடிப்பக்கம் கறுப்பாக, வழவழப்பாக, விரலில் ஒட்டும். போத்தல் உள்ளே பளபளவென்று இருக்கும், ஒவ்வொரு மடக்கும் அந்தக் கறுப்பைத் தொட்டுக்கொண்டு வாய்க்குப் போகும். குழாய்த் தண்ணீர்மேல் சந்தேகப்படும் பலருக்கு வாசனை வந்தது இந்த வளையத்திலிருந்துதான்.

அடுத்தது வாய். உங்கள் கையில் நான்கு விரல் உள்ளே போனால் நல்லது, இல்லையென்றால் நீண்ட தூரிகை கட்டாயம். தினமும் இரவு பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மூடியைத் தனியாகக் கவிழ்த்து, இரண்டையும் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் நாற்றத்துக்கு முதல் காரணம். வாரம் ஒரு முறை ஒரு கரண்டி ஆப்ப சோடா போட்டு வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் போதும். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் நீர்த்த வினிகர். எவர்சில்வருக்குள் குளோரின் பிளீச் ஊற்ற வேண்டாம், உலோகத்தில் குழி விழும்.

உலோகம் என்றால் 304 என்று பொறித்த எவர்சில்வர். 18/8 என்றும் எழுதியிருக்கும். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். 316 என்பது உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் வகை. தண்ணீருக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை. எந்தத் தரம் என்றே எழுதாத மலிவுப் போத்தலைத் தவிர்த்துவிடுங்கள். இரட்டைச் சுவர் உள்ளதா, ஒற்றைச் சுவரா என்பது உங்கள் பயணத்தைப் பொறுத்தது. ஐஸ் தண்ணீர் வேண்டுமானால் இரட்டைச் சுவர். வெறும் தண்ணீர் போதும் என்றால் ஒற்றைச் சுவர் எடை குறைவு, ஆனால் குளிர்ந்த நீர் ஊற்றினால் இந்த ஊர் ஈரத்தில் வெளியே வியர்த்துப் பையை நனைக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஃபிளாஸ்க் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொடுங்கள். சுட்டால் இடையில் இருந்த வெற்றிடம் போய்விட்டது. ஒழுகாதவரை சாதாரண போத்தலாக அதைப் பயன்படுத்தலாம். அடிப்பக்க மூடித்தகடு கழன்று விழுந்திருந்தால் மட்டும் வேண்டாம். சில தயாரிப்புகளில் வெற்றிடத்தை அடைக்க வைத்த ஈயப் பொட்டு அந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கும்.

பிளாஸ்டிக்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாமியாருக்குக் கை மூட்டு வலி இருந்தால் எவர்சில்வர் ஃபிளாஸ்க் கனமாக இருக்கும், மூடியைத் திருகவும் சிரமம். டிரைட்டான் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது 5 என்ற எண் பொறித்த பாலிபுரொப்பிலீன் போத்தல், அகலப் பிடியோடு, அவருக்கு ஏற்றது. கீறல் விழுந்து மங்கியதும் மாற்றிவிடுங்கள், அந்தக் கீறல்களில் அழுக்கு தங்கும். ஆனால் வாங்கிய தண்ணீர் போத்தலையே மாதக்கணக்கில் நிரப்பிக் குடிப்பது வேண்டாம். ஒரு முறைக்கென்று செய்த மெல்லிய பிளாஸ்டிக் அது. வாய் குறுகல், கழுவ முடியாது, காரில் வெயிலில் கிடந்தால் அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பொருள்களும் கூடும். 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் வாங்கிய மூன்று வகை போத்தல் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 240,000 பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. பத்தில் ஒன்பது பங்கு கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள். அவை உடலுக்கு என்ன செய்கின்றன என்பதில் அறிவியல் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் சுத்தம் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மகளுக்கு அரை லிட்டர், எடை குறைந்தது, பெயர் எழுதியது. பள்ளியில் தண்ணீர் பிடிக்கும் இயந்திரம் இருக்கும், முழு நாளுக்கும் சுமந்து போக வேண்டியதில்லை. விலை உயர்ந்ததாக வாங்காதீர்கள், பேருந்தில் விட்டுவிட்டு வரும் வயது. கணவர் வெயிலில் வேலை செய்கிறவரானால் கதை வேறு, அவருக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத இரட்டைச் சுவர் போத்தல். 2023 அக்டோபரிலிருந்து வெளிப்புற வேலையிடங்களில் தொழிலாளர்கள் மணிக்கு ஒரு முறையாவது தண்ணீர் குடிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சு சொல்லியிருக்கிறது. நிரப்பிக்கொள்ள இடம் இருக்கும். உங்களுக்கு, எம்ஆர்டியில் போய்வருகிறவரானால், தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் ஒழுகாத திருகு மூடி. ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை. ஆகவே ஒரு கையால் தட்டித் திறக்கும் வசதியைவிட ஒழுகாமல் பையில் கிடப்பதுதான் முக்கியம். சமூக மன்றம், நூலகம், பலதுறை மருந்தகம், விளையாட்டரங்கம், பெரிய பூங்காக்கள் என்று நிரப்ப இடம் நிறைய இருக்கிறது. ஆளுக்கு இரண்டு, விருந்தாளிக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒரு எவர்சில்வர் போத்தல் செய்ய ஆகும் உலோகமும் எரிபொருளும் ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு ஆவதைவிடப் பல மடங்கு. நீண்ட நாள் உழைத்தால்தான் அது ஈடாகும்.

நம்மவர்கள் நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் மிச்சம் பிடித்ததை ஒரே நாளில் அங்கே கொட்டிவிடுகிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் மண்டபத்தில் அன்னதானம், எங்கே போனாலும் ஒவ்வொரு இலைக்கும் ஒரு சின்ன போத்தல். பந்தி முடிந்து எழுந்தபின் மேசையைப் பாருங்கள். இரண்டு மடக்கு குடித்தது, மூடி திறந்து அப்படியே விட்டது, யாருடையது என்று தெரியாததால் அடுத்தவர் புதிதாகத் திறந்தது. மேசை துடைக்க வரும் பிள்ளைகள் தண்ணீரோடு சேர்த்து அப்படியே கறுப்புப் பையில் தள்ளுவார்கள். வெயிலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுக் கொடுத்த வழக்கம் நம்முடையது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் புண்ணியமாகவே செய்கிறோம். பெரிய பாத்திரம், குழாய், டம்ளர் என்பது நமக்குப் புதிதல்ல.

வீட்டு நிகழ்ச்சி நடத்தினால் இப்படிச் செய்யலாம். 300 பேர் என்றால் தலைக்கு அரை லிட்டர் வைத்து 150 லிட்டர். குழாய் வைத்த 20 லிட்டர் கொள்கலன் நான்கு இருந்தால், மண்டபத்துக் குழாயிலிருந்து மாற்றி மாற்றி நிரப்பிக்கொள்ளலாம். உணவு ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொன்னால் பலர் தாங்களே கொண்டுவருவார்கள். எவர்சில்வர் டம்ளரும் பந்தியில் ஜக்கோடு வரும் ஓர் ஆளும் இருந்தால் போத்தலே தேவைப்படாது. டம்ளர் கழுவ ஆளில்லை என்று காகிதக் குவளைக்குப் போகாதீர்கள், அதன் உட்புறமும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுதான். டம்ளர் கழுவ ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்தாலும் போத்தல் செலவைவிடக் குறைவாகவே வரும். பெரியவர்கள் சிலர் "மூடி உடைக்காத போத்தல் வை, அதுதான் மரியாதை" என்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊரை எதிர்த்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்த முடியாது.

மறுசுழற்சிக்குப் போடுகிறோமே, அப்புறம் என்ன என்று நினைக்கலாம். 2018இல் சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் வெளியிட்ட ஆய்வின்படி இங்கே வருடத்துக்கு 467 மில்லியன் பிளாஸ்டிக் பான போத்தல்கள் பயன்படுத்தப்பட்டன. ஒட்டுமொத்தப் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 2023இல் 5 விழுக்காடுதான். மீதி எரிகிறது. சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது, அங்கே இடம் 2035க்குள் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. இதை மாற்றத்தான் பான போத்தல், டின்களைத் திரும்பப் பெறும் திட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோக டின்னுக்கும் 10 காசு வைப்புத்தொகை, காலியாகத் திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். உங்கள் பெட்டிக்கு 2 வெள்ளி 40 காசு. திட்டக் குறியுள்ள போத்தலை நசுக்காமல், ஒட்டுத்தாள் கிழியாமல் இயந்திரத்தில் போட வேண்டும். வாரம் 72 போத்தலை அப்படித் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு வேலை என்று நினைத்துப் பாருங்கள். இப்போது வீட்டில் இருக்கும் பெட்டிகளை வீணாக்க வேண்டாம். குடித்து முடியுங்கள், ஒரு பெட்டியை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகத் தண்ணீர் நிறுத்தும் நாளில் உதவும்.

ஊருக்குப் போகும்போது இந்த போத்தலையே எடுத்துச் செல்லுங்கள். சாங்கியில் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கும். அதனால் கடைகளைச் சுற்றும்வரை தண்ணீர் கையில் இருக்கலாம், வாயிலுக்குப் போகுமுன் காலி செய்ய வேண்டும். சோதனை முடிந்து உள்ளே போனதும் பெரும்பாலான வாயில்களில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். கோவையில் இறங்கியபின் குழாயை நம்ப முடியாது. உறவினர் வீட்டில் கொதிக்க வைத்து ஆறியதையோ அவர்களுடைய ஆர்ஓ தண்ணீரையோ இதில் ஊற்றிக்கொண்டு வெளியே கிளம்புங்கள். நீண்ட பயணத்தில் தீர்ந்துபோய் கடையில் வாங்க நேர்ந்தால் மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், குழந்தைக்கு அதில் தயங்க வேண்டாம்.